மைஹாமா வரிசையும் ஆர்லாண்டோ வரிசையும்

2016 நவம்பர், காலை ஏழே முக்கால். டோக்கியோ டிஸ்னிலேண்டின் வாசல் இன்னும் திறக்கவில்லை. எங்களுக்கு முன்னால் சில நூறு பேர், பாதிக்கு மேல் தரையில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் விரிப்புகளைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னோடு வந்திருந்த டல்லாஸ் நண்பர் இதையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ரயில் ஏதாவது நின்றுபோய்விட்டதா? இவர்கள் எல்லோரும் எங்கேயும் போக முடியாமல் மாட்டிக்கொண்டவர்களா?"

இல்லை, உன்னை மாதிரியே உள்ளே போகக் காத்திருக்கிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. காத்திருப்பவர்களின் முகம் அப்படி இருக்காது என்றார்.

அந்தக் கேள்வியை நான் அப்போது சிரித்து ஒதுக்கிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அமெரிக்கர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது என்று.

என்னைப் பற்றி இரண்டு வரி. மென்பொருள் வேலை. 2013 முதல் 2019 வரை டோக்கியோவின் நிஷி-கசாயில் குடியிருந்தோம். இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி அது. அங்கிருந்து டிஸ்னி பூங்காக்கள் இருக்கும் மைஹாமா கூப்பிடு தூரம். ஊரிலிருந்து யார் வந்தாலும், எந்த நாட்டு அலுவலகத்திலிருந்து யார் வந்தாலும், கூட்டிக்கொண்டு போகும் வேலை என் தலையில்தான் விழும். 2019-இல் ஃப்ளோரிடாவின் டாம்பாவுக்கு மாற்றலானேன். அங்கிருந்து அமெரிக்காவின் பெரிய டிஸ்னி வளாகம் இருக்கும் ஆர்லாண்டோ காரில் ஒன்றே கால் மணி நேரம். வேலை மாறியது, வழிகாட்டி வேலை மாறவில்லை. அமெரிக்கர்களை ஜப்பானுக்குள்ளும் ஜப்பானியர்களை அமெரிக்காவுக்குள்ளும் கூட்டிப்போய்த் திட்டு வாங்கியதில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு பக்கமும் போகப்போகிறவர்களுக்கு உதவலாம்.

முதலில் டல்லாஸ் குடும்பத்தின் கதை. கணவன், மனைவி, ஏழிலும் பதினொன்றிலுமாக இரண்டு பையன்கள். அதற்கு முந்தைய வருடம் ஃப்ளோரிடா போய் வந்தவர்கள். அங்கே அப்போது ஃபாஸ்ட்பாஸை, அதாவது நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறுவதற்கான சீட்டை, வாரக்கணக்கில் முன்பே போனில் பதிவு செய்துவைக்கலாம். இங்கே வந்ததும் நண்பர் போனை எடுத்து ஆப்பைத் தேடினார். நான் அவரை ஒரு இயந்திரத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். நுழைவுச்சீட்டை அதில் காட்டினால் ஒரு காகிதச் சீட்டு வரும், மாலை ஆறு மணிக்கு வா என்று அதில் இருக்கும். ஒன்று எடுத்தால் அடுத்ததற்கு நேரம் ஆகும். மற்றதெல்லாம் வரிசையில் நிற்பதுதான்.

சாயங்காலம் அவர் கணக்குப் போட்டார். அந்த வருடம் பெரியவர்களுக்கு டிக்கெட் 7,400 யென். அன்று அவர்கள் ஏறியது ஐந்து சவாரிகள். 7,400-ஐ ஐந்தால் வகுத்து, ஒரு சவாரிக்கு 1,480 யென் என்று என்னிடம் காட்டினார். குற்றம் சொல்லவில்லை, வெறும் கணக்குத்தான் என்றார். ஆனால் அந்த வகுத்தல் இருக்கிறதே, அதை என் ஜப்பானிய நண்பர்கள் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சவாரி எண்ணிக்கையைச் சொல்லமாட்டார்கள். என்ன உடுத்திக்கொண்டு போனோம், யாரோடு போனோம், எந்த இடத்தில் உட்கார்ந்து அணிவகுப்புப் பார்த்தோம், இந்த சீசனுக்கு மட்டும் வந்த பாப்கார்ன் டப்பா கிடைத்ததா, இவைதான் பேச்சு. வரிசை அவர்களுக்கு அந்த நாளின் உள்ளே இருக்கிறது. டல்லாஸ்காரருக்கு அது நாளிலிருந்து கழிந்துபோன நேரம்.

அன்றைய பெரிய சங்கடம் அணிவகுப்பில் நடந்தது. தப்பு என்னுடையது, முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். டோக்கியோவில் அணிவகுப்பு தொடங்க ஒரு மணி நேரத்துக்கு முன்னால் விரிப்பைப் போட்டு இடம் பிடிக்கலாம். முன்வரிசைகள் உட்கார்ந்தே பார்க்க வேண்டும், பின்னால் நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? நண்பர் ஐந்து நிமிடம் முன்னால் வந்து, ஒரு இடைவெளியைப் பார்த்து உள்ளே நுழைந்து, சின்னவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஊரில் எந்த அப்பாவும் செய்வதுதான். ஒரு ஊழியர் ஓடி வந்து, மண்டியிட்டு, இரண்டு கையையும் கீழே தாழ்த்தித் தாழ்த்திச் சைகை காட்டினார். சுற்றியிருந்தவர்கள் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அவரை அதிகம் சுட்டது. "யாராவது ‘ஏய், உட்கார்’ என்று கத்தியிருந்தால் நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்" என்றார் பிறகு.

ஆகவே டோக்கியோ போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் எந்த சவாரியும் இல்லை: பையில் ஒரு விரிப்பு எடுத்துப் போங்கள். நூறு யென் கடையில் கிடைக்கும். ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்காருங்கள். குழந்தைகள் அந்த ஒரு மணி நேரம் சும்மா இருக்காது என்று பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் பக்கத்து விரிப்புக் குழந்தைகளோடு சேர்ந்துவிடும்.

மறுநாள் பக்கத்துப் பூங்காவான டிஸ்னிசீ. அங்கே நண்பரின் மனைவிக்குத் தலை சுற்றியது. முப்பது நாற்பது வயதுப் பெண்கள் கையில் ஆளுக்கொரு கரடிப் பொம்மை. கரடிக்கு அந்த சீசனின் சட்டை. சாப்பாட்டு மேசையில் கரடியை எதிர் நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுக்கிறார்கள். "இது எந்தப் படத்தில் வருகிறது?" என்று கேட்டார். எந்தப் படத்திலும் வராது என்றதும், "அப்படியானால் ஏன்?" என்றார்.

நல்ல கேள்வி. டஃபி என்ற அந்தக் கரடியின் பூர்வீகமே ஃப்ளோரிடாதான். 2000-களின் தொடக்கத்தில் டிஸ்னி பேர் என்ற பெயரில் அங்கே விற்பனைக்கு வந்தது, பெரிதாக எடுபடவில்லை. டிஸ்னிசீ அதை எடுத்து, மிக்கி கடல் பயணம் போகும்போது தனியாக இருக்கக் கூடாது என்று மின்னி தைத்துக் கொடுத்த கரடி என்று ஒரு கதை கட்டியது. டஃபல் பையில் வைத்துக் கொடுத்ததால் டஃபி. அவ்வளவுதான் கதை. அது போதுமாயிருந்தது. பிறகு ஷெல்லிமே, ஜெலடோனி என்று ஒரு குடும்பமே வந்தது. 2010-இல் ஃப்ளோரிடாவுக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோனபோதும் ஜப்பானில் பிடித்த மாதிரி அங்கே பிடிக்கவில்லை. அமெரிக்கர் ஒரு பாத்திரத்தைத் திரையில் பார்த்துப் பழகிய பிறகு பூங்காவில் அதைத் தேடி வருகிறார். ஜப்பானில் பழக்கம் அந்த இடத்திலேயே தொடங்குகிறது. கரடியைத் தூக்கிக்கொண்டு நாலு தடவை போனால் கரடிக்கும் உங்களுக்கும் ஒரு கதை வந்துவிடுகிறது. எனக்கு முதலில் இதெல்லாம் கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் பட்டது. மூன்றாவது வருடம் எங்கள் வீட்டிலும் ஒன்று வந்து சேர்ந்தது. யார் வாங்கினார்கள் என்பதைச் சொல்லப்போவதில்லை.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983 ஏப்ரல் 15 அன்று திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே முதல் டிஸ்னி பூங்கா. ஆனால் அதை நடத்துவது டிஸ்னி இல்லை, ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். டிஸ்னிக்கு உரிமத் தொகை போகும். ஜப்பானியர்கள் கேட்டது அசல் அமெரிக்காவை. மாற்றியது கொஞ்சம்தான். நுழைந்ததும் வரும் கடைத்தெருவுக்கு மழைக்காகக் கண்ணாடிக் கூரை போட்டார்கள். ஃபிரான்டியர்லேண்ட் என்ற பகுதி வெஸ்டர்ன்லேண்ட் ஆனது. மற்றபடி அப்படியே. கட்டடம் அமெரிக்காவுடையது, அதில் எப்படி நடந்துகொள்வது என்பது முழுக்க ஜப்பானுடையது. தோற்றத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அமெரிக்கர்கள்தான். தன் வீட்டு வரைபடம் மாதிரியே இருக்கிறதே என்று செருப்போடு உள்ளே நுழைந்துவிடுகிறார்கள்.

நானும் ஏமாந்தவன்தான், வேறு விதமாக. 2013-இல் முதல் தடவை போனபோது மனைவி புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில்தான் தெரிந்தது, கட்டுச்சோறு உள்ளே அனுமதி இல்லை என்று. ஜப்பானே பென்தோ என்ற கட்டுச்சோற்றுப் பெட்டிக்குப் பேர்போன நாடு, ஆனால் இங்கே கிடையாது. கொண்டுவந்தவர்களுக்கு வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். காலை எட்டரை மணிக்கு நாங்கள் அங்கே உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டை முடித்தோம். "ஏங்க, மிச்சத்தை என்ன பண்றது?" என்றாள். அதையும் தின்றேன். முதல் சவாரியில் அது எனக்கு ஞாபகம் வந்தது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் காய்கறி என்று நினைத்து வாங்குவதில் மீன் சாறு இருக்கும், கறிக்குழம்பில் இறைச்சிச் சாறு இருக்கும். முந்தைய இரவே பூங்காவின் இணையதளத்தில் எந்த உணவகத்தில் என்ன என்று பார்த்து எழுதிக்கொண்டு போங்கள், வாசலில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போவதைவிட அது மேல். ஃப்ளோரிடாவில் இந்தத் தொல்லை இல்லை. கண்ணாடிப் பாத்திரம் இல்லாமல் சாப்பாடு கொண்டுபோகலாம். 2023-இல் ஆர்லாண்டோ டிஸ்னி பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்தின் பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபோது, உடன் வந்த ஜப்பானியக் குடும்பம் சுற்றுமுற்றும் பார்த்தது. யாராவது வந்து பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம்.

அந்தக் குடும்பம் என் பழைய கச்சோவுடையது. கச்சோ என்றால் பிரிவுத் தலைவர். ஆறு வருடம் அப்படியே கூப்பிட்டுப் பழகியதால் இன்றும் அதுதான் வாயில் வருகிறது. ஆகஸ்டில் முன்னோரை நினைக்கும் ஓபோன் விடுமுறையில் மனைவி, மகள், அம்மாவோடு வந்தார். டோக்கியோவை ஒட்டிய சிபாவில் இருப்பவர்கள், டோக்கியோ பூங்காக்களுக்கு எத்தனை தடவை போயிருக்கிறார்கள் என்று அவர்களுக்கே கணக்கில்லை.

கச்சோ ஒரு சின்னப் புத்தகம் தயார் செய்து, நகல் எடுத்து, எங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்: ஏழு மணிக்குப் புறப்பாடு, ஒன்பதுக்கு முதல் சவாரி, பத்து நாற்பதுக்குக் கழிவறை. முதல் வரியே தப்பாகப் போனது. மைஹாமாவில் ரயிலைவிட்டு இறங்கினால் கொஞ்ச தூரத்தில் வாசல். மேஜிக் கிங்டத்தில் காரை நிறுத்திவிட்டு, ஏரியைத் தாண்ட மோனோரயிலோ படகோ பிடிக்க வேண்டும். அந்த வளாகம் மொத்தம் சுமார் 100 சதுர கிலோமீட்டர். வாகன நிறுத்தத்திலிருந்து வாசலுக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதை அவர் அடக்கத்துக்காகச் சொன்ன மிகை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அப்புறம் மழை. ஃப்ளோரிடா கோடையில் பிற்பகல் இடிமழை தினசரி விவகாரம். மின்னல் அருகில் வந்தால் திறந்தவெளி சவாரிகள் எல்லாம் நிற்கும். நாங்கள் ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். கச்சோ புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார், மூடினார், என் மனைவியைப் பார்த்துக் குனிந்து மன்னிப்புக் கேட்டார், திட்டம் சரியாக அமையவில்லை என்று. மழைக்கு அவர் மன்னிப்புக் கேட்கிறார்! பக்கத்தில் ஒதுங்கியிருந்த அமெரிக்கக் குடும்பத்தின் அப்பா மழை விட்டதும் நேராக விருந்தினர் சேவை மையத்துக்குப் போனார், போன நேரத்துக்கு ஏதாவது தருவீர்களா என்று கேட்டுப் பார்க்க. என்ன கிடைத்ததோ தெரியாது, திரும்பும்போது சிரித்துக்கொண்டு வந்தார்.

கேட்பது அமெரிக்கருக்கு இயல்பு. வெங்காயம் வேண்டாம், சாஸ் தனியாக, குழந்தைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, தண்ணீர் ஒரு கோப்பை. கேட்கிறவருக்கும் கூச்சமில்லை, கொடுப்பவருக்கும் சலிப்பில்லை. ஐஸ் தண்ணீர் கவுன்டர்களில் இலவசம் என்று நான் சொல்லியும் கச்சோவின் அம்மா கேட்க மறுத்துவிட்டார். ஏன் என்று இரவில் கச்சோவிடம் விசாரித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்ல இடம் என்றால் நாம் கேட்கும் முன்பே அது அங்கே இருக்கும்" என்றார். விருந்தாளி வாய்விட்டுக் கேட்டுவிட்டால் வீட்டுக்காரருக்குக் குறை என்று எங்கள் பாட்டி காலத்தில் நினைப்பார்களே, கிட்டத்தட்ட அது. எனக்கு அந்த நிமிடம் இரண்டு பூங்காவும் புரிந்த மாதிரி இருந்தது. டோக்கியோவில் மழைநாளுக்கென்றே ஒரு சின்ன இரவு அணிவகுப்பு தயாராக இருக்கும். துப்புரவு ஊழியர் ஈரத் துடைப்பத்தால் தரையில் மிக்கியை வரைந்துவிட்டுப் போவார். நீங்கள் எதையும் கேட்க வேண்டாம். ஆனால் இல்லாத ஒன்றை, மெனுவில் இல்லாத மாதிரி செய்துதரச் சொன்னால், அங்கே எல்லோருக்கும் சங்கடம்.

ஆகவே ஆர்லாண்டோ போகும் ஜப்பானிய நண்பர்களுக்கு இப்போது நான் சொல்வது: கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள், இரண்டு தடவை கேளுங்கள். டோக்கியோ போகும் அமெரிக்கர்களுக்குச் சொல்வது: கேட்கும் முன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள், பெரும்பாலும் ஏற்கெனவே வைத்திருப்பார்கள்.

பேச்சிலும் இதே கதைதான். ஜப்பானில் எந்தக் கடைக்குள் போனாலும் "இராஷ்ஷாய்மாசே", அதாவது வாருங்கள், என்பார்கள், அதற்குப் பதில் சொல்லும் வழக்கம் கிடையாது. டிஸ்னியில் மட்டும் "கொன்னிச்சிவா", அதாவது வணக்கம். அதற்கு நீங்களும் கொன்னிச்சிவா சொல்லலாம் என்பதற்காகவே அப்படி. அங்கே அதுவே நெருக்கம். ஃப்ளோரிடாவில் ஊழியரின் பெயர் வில்லையில் அவருடைய ஊரும் இருக்கும். கச்சோவின் மனைவி ஒவ்வொரு வில்லையாகப் படித்து ரசித்தார். ஆனால் ஒரு ஊழியர் அவருடைய காலுறை அழகாக இருக்கிறது என்று சொன்னபோது பதறிப்போய்க் குனிந்து காலுறையைப் பார்த்தார், கிழிந்திருக்கிறதோ என்று.

பணம் கொடுத்து முந்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருப்பதி சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கிப் பழகிய நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. 1999-இல் ஃப்ளோரிடாவில் தொடங்கிய ஃபாஸ்ட்பாஸ் இலவசம். கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்காவில் 2021-இலும் டோக்கியோவில் 2022-இலும் கட்டண வரிசை வந்தது. டோக்கியோவில் ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனிக் கட்டணம்; கூடவே சில சவாரிகளுக்கு இலவசச் சீட்டும் 2023-இல் வந்தது. ஃப்ளோரிடாவில் அன்று நான் எல்லோருக்குமாக வாங்கினேன். இலவச வரிசையில் நிற்பவர்களைக் கடந்து நடக்கும்போது கச்சோ தலையை லேசாகத் தாழ்த்தி, ஒரு கையை முன்னால் நீட்டி, கூட்டத்தில் குறுக்கே போகிறவர் மாதிரியே நடந்தார், கடைசி வரைக்கும். டல்லாஸ் நண்பராக இருந்தால் வகுத்தல் கணக்கு இப்போதுதான் சரியாகிறது என்றிருப்பார். என் யோசனை: தூரத்திலிருந்து ஒரே ஒரு நாள் போகிறீர்களா, இரண்டு ஊரிலும் வாங்கிவிடுங்கள். டிக்கெட்டே 2023 இறுதியில் டோக்கியோவில் தேதியைப் பொறுத்து 7,900 முதல் 10,900 யென் இருந்தது, மேஜிக் கிங்டத்தில் கூட்ட நாளில் 180 டாலரைத் தாண்டும். அவ்வளவு கொடுத்தபின் இதில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

ஜப்பானியர் என்றால் அமைதி என்று இதைப் படித்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஒசாகாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவின் ஹாலோவீன் என்ற பேய்த் திருவிழா மாலைக்குப் போய்ப் பாருங்கள். தெருவில் பிண வேடமிட்டவர்கள் துரத்த, பள்ளிச் சீருடைப் பெண்கள் கூட்டம் கூட்டமாக அலறிக்கொண்டு ஓடும். வழக்கமான டிக்கெட்டிலேயே அந்தத் தெருப் பிணங்கள் உண்டு. ஆர்லாண்டோவில் அதே ஹாலோவீன் இரவுக்குத் தனி டிக்கெட்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. இதை முழுக்க நாட்டுக் குணம் என்று சொல்லலாமா? 2022-இல் கலிஃபோர்னியாவின் அனஹெய்ம் போயிருந்தேன், 1955-இல் திறந்த முதல் டிஸ்னிலேண்டுக்கு. அங்கே வருடாந்திர பாஸ் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள் வேலை முடிந்து மாலையில் வருகிறார்கள். ஒரே மாதிரி சட்டை போட்ட நண்பர் கூட்டம். சுர்ரோ என்ற ஒரு இனிப்புப் பலகாரத்தை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை. யாரும் சவாரியை எண்ணவில்லை. எனக்கு மைஹாமாவில் இருப்பது போலவே இருந்தது. டல்லாஸிலிருந்து விமானம் ஏறி வந்து, விடுதியில் தங்கி, பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் ஒருமுறை என்று காட்டுகிறவர் கணக்குப் போடாமல் என்ன செய்வார்? ரயிலில் வருகிறவருக்கு விட்டதை அடுத்த மாதம் பார்க்கலாம். பாதி குணம் தூரத்தினால் வருவது. மீதிப் பாதி, அந்த ஐஸ் தண்ணீர்.

அந்தத் தண்ணீரைப் பற்றி நினைக்கும்போது கச்சோவின் மகள் ஞாபகம் வருகிறது. ஒன்பது வயது. வாசலில் நான்தான் கேட்டுப் பிறந்தநாள் வில்லை ஒன்று வாங்கி அவள் சட்டையில் குத்திவிட்டேன். இலவசம்தான், கேட்டால் தருவார்கள். நாள் முழுக்கப் போகிற வருகிற ஊழியர்கள், ஏன், வரிசையில் நின்ற முன்பின் தெரியாதவர்கள்கூட அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. கச்சோவுக்கு மட்டும் முகம் சரியில்லை. சாயங்காலம் என்னைத் தனியே அழைத்து, வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். பிறந்தநாள் இன்று இல்லையே, அடுத்த புதன்கிழமைதானே, இவ்வளவு பேரை ஏமாற்றுகிறோமே என்றார். பிறந்தநாளைக் கொண்டாட வந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினாரே தவிர மனம் ஒப்பவில்லை.

அடுத்த புதன்கிழமை ஒரு படம் அனுப்பினார். சிபாவில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, கேக், மகளின் சட்டையில் அந்த வில்லை. கீழே ஒரு வரி: "இன்று சரியாகிவிட்டது."